பெல்ட் வண்டியைத் தேடி சோழவந்தானுக்கு

மென்பொருள் வேலைக்கும் நெல் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் செய்வது சேவைத் தேடல். அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் தனித்தனி இணையச் சேவை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வண்டியைத் தனக்குத் தோன்றிய சொல்லில் விவரிக்கும். சொல்லைத் தாண்டிப் பொருளைப் புரிந்துகொண்டு, சரியான சேவையை எங்கள் நிரல் தானே கண்டுபிடிக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா?

பசுமலையில் என்னோடு படித்த முத்துக்குமார் சோழவந்தானைத் தாண்டி மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டிருந்தான். ஐப்பசி பிறந்துவிட்டது, கதிர் முற்றிவிட்டது. தரகர் கொண்டுவந்த வண்டி பக்கத்து வயல்வரை அறுத்து முடித்திருந்தது. அடுத்தது அவன் முறை. அந்தப் பக்கத்து வழக்கம், வண்டி வரிசையாக அறுத்துக்கொண்டே போகும், வாய்க்காலைத் தாண்டிவிட்டால் திரும்பாது. "நம்ம நிரல்ல வண்டி உறுதியாயிருச்சுடா" என்று நான் சொன்னேன். "சரி மாப்ள, ஒனக்கு மொத கஸ்டமர் நானே" என்று அவன் தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டான்.

வேடிக்கை பார்க்கக் கிளம்பினேன். ஆரப்பாளையத்தில் காலை 6.40 பேருந்து, டிக்கெட் 22 ரூபாய், சுமார் இருபது கிலோமீட்டர். முக்கால் மணி நேரம் என்பார்கள், நம்பாதீர்கள். எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. இறங்கிய இடத்தில் இட்லி நன்றாக இருந்தது. அன்றைக்கு நன்றாக இருந்தது அது ஒன்றுதான். அங்கிருந்து வயலுக்கு நான்கு கிலோமீட்டர், முத்துக்குமாரின் பைக்கில்.

பத்து மணிக்கு வாடிப்பட்டிப் பக்கமிருந்து எங்கள் நிரல் பிடித்த வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கி வரப்பில் நின்றார். வயலில் கணுக்கால் வரை சேறு.

"அண்ணே, இது டயர் வண்டிண்ணே. எறக்குனா பொதைஞ்சிரும். பெல்ட்டுன்னு சொல்லலயா?"

"சொன்னோமே," என்றேன்.

"யாருகிட்ட சொன்னீங்க?"

நிரலிடம். டயருக்குப் பதில் பட்டையில் ஓடி, சேற்றில் புதையாத பெல்ட் வண்டிதான் நாங்கள் கேட்டோம். அவருடைய நிறுவனம் 'அறுவடை இயந்திரம்' என்று மட்டும் பதிந்திருந்தது. பொதுப்பெயரில் பதிந்தவர் அதற்குள் அடங்கும் எல்லா வகையும் வைத்திருப்பார் என்பது எங்கள் பொருத்த விதி. ஆய்வுக் கட்டுரைகளில் அது ஒழுங்காக நிற்கும். சேற்றில் நிற்காது. வண்டி திரும்பிப் போய்விட்டது.

வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். சொல்லுக்குச் சொல் பொருந்த வேண்டும் என்று விதியை இறுக்கினேன், ஒன்றுகூட வரவில்லை. ஒரு தளத்தில் செயின், ஒரு தளத்தில் டிராக், இன்னொன்றில் வெறும் மாடல் எண். எல்லாம் ஒரே வண்டிதான், யாரும் பெல்ட் என்று எழுதவில்லை. விதியைத் தளர்த்தி, எல்லாச் சொற்களையும் எல்லாச் சொற்களோடும் ஒப்பிடச் சொன்னேன். அறையில் பத்துப் பன்னிரண்டு சேவைகளை வைத்து ஓட்டியபோது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. இப்போது பல மாவட்டச் சேவைகளைச் சேர்த்திருந்தோம். திரையில் காத்திருக்கச் சொல்லும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

முத்துக்குமார் ஒலிபெருக்கியில் போட்டுத் தரகரை அழைத்தான். எட்டாவது முறைதான் எடுத்தார்.

"வண்டி வாய்க்காலத் தாண்டிருச்சேப்பா. இம்புட்டுப் பேரு கூப்புடுறாய்ங்க, நா ஒருத்தன் எம்புட்டுப் பேருக்குத்தான் பதில் சொல்ல? வேணாம்னு நீதான சொன்ன?"

அவரையும் குறை சொல்ல முடியாது. கையில் இருப்பது இரண்டு போன். மழை வரும் என்றால் ஊரே ஒரே நாளில் கூப்பிடுகிறது.

"இன்னும் சுத்துதா மாப்ள?" என்றான் முத்துக்குமார்.

"சுத்துது."

"நல்லா சுத்தட்டும். காத்தாச்சும் வரும்."

காற்று வந்தது. இரண்டரைக்கு மழையும் வந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று ஏக்கரும் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டு, நனைந்த மடிக்கணினிப் பையைத் துண்டால் துடைத்துக் கொடுத்தான். திட்டியிருக்கலாம்.

பேருந்து ஆரப்பாளையத்துக்குள் நுழையும்போது பதில் வந்தது. ஒரே ஒரு பொருத்தம். பெல்ட் வண்டி, ஆத்தூர் முதலாளி ஒருவர் மாடல் எண்ணில் பதிந்தது. வயலிலிருந்து தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். வண்டி நிற்கும் இடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்று காட்டியது. அது தரகர் கொண்டுவந்த வண்டியேதான். அன்று காலை முழுவதும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் வரப்பில் உட்கார்ந்து தேடியிருக்கிறேன்.

அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: குடை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு போதும், ஷூ வேண்டாம். வாய்க்கால் கரையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். என்னைப் போல் சேவைத் தேடல் செய்கிறவர்களுக்கு: எல்லோரும் ஒரே சொல்லை எழுதுவார்கள் என்று காத்திருக்காதீர்கள், எழுத மாட்டார்கள். ஆளுக்கொரு சொல்லாக எழுதியதை இணைக்கும் நிரல் மழைக்கு முன்னால் ஓடி முடியுமா? எனக்குத் தெரியவில்லை. முடியும் என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.

நான்கு நாள் கழித்து முத்துக்குமாரை அழைத்தேன்.

"நெல்லு கதிர்லயே மொளைக்குது மாப்ள. பாக்க வாரியா?" என்றான்.

வருகிறேன் என்றேன். போகவில்லை.