காப்புக் கட்டிய கையோடு எடுத்த படம்

முத்துமாரி ஆத்தாவை நம்பியிருக்கிற உங்களுக்கு, இலங்கை ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லெச்சுமி சொல்கிறேன்.

ஐப்பசி மழையில் கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து கால் முறிந்தது. கட்டுப் போட்டு லயத்து வீட்டில் படுத்திருந்தேன். மூன்றாம் வாரம் திடீரென்று நெஞ்சு அடைத்தது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறிவிட்டதாம். செத்துப் பிழைத்தேன்.

ஆறு மாதம் மாத்திரை விழுங்கியும் பத்துப் படி ஏறினால் மூச்சு இளைத்தது. கட்டி கரைந்ததா, நுரையீரலில் எங்கெங்கே ரத்தம் ஓடுகிறது என்று நிறத்தில் காட்டும் புது ஸ்கேன் எடுக்கக் கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். அவர்கள் சொன்ன தேதி எங்கள் திருவிழாவின் நாலாம் நாள். நானோ பிழைத்ததற்கு நேர்ந்து காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டியவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது.

"ஆத்தா பாத்துக்குவா, ஸ்கேன் வேணாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். பக்தி என்று அவர் நினைத்தார். பயம் என்று எனக்குத் தெரியும். கரையவில்லை என்று படம் சொல்லிவிட்டால்? பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கோயிலில் நின்று, "எனக்கு ஒரு வழி சொல்லு தாயே" என்று அழுதேன். அழக்கூட மூச்சுப் போதவில்லை.

அதைப் பார்த்த பூசாரி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஸ்கேனுக்குப் போகலாமா என்று சன்னிதியில் பூப் போட்டு உத்தரவு கேட்டார். வெள்ளைப் பூ வந்தது.

"ஆத்தா போகச் சொல்லிட்டா புள்ள. பொழுது சாயுமுன்ன வந்து சேரு."

இனிச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. கண்டிக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்கேன் அறையில் சிங்கள நர்ஸ் என் இடது கையில் இருந்த மஞ்சள் காப்புக் கயிற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் வலது கையில் ஊசி ஏற்றினார். மருந்து ஓடியதும் உடம்பெல்லாம் சுட்டது. மூச்சை அடக்கச் சொன்னார்கள். இல்லாத மூச்சை எங்கே அடக்குவது? "தாயே" என்று கண்ணை மூடினேன்.

படத்தைப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர் சொன்னார்: "கட்டி கரைஞ்சிட்டுது அம்மா. வலது பக்கம் கீழ மட்டும் ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவு. குளிசைய நிப்பாட்டாதேங்கோ."

அங்கேயே அழுதுவிட்டேன். பொழுது சாயுமுன் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன்.

இன்றும் மேடு ஏறினால் இளைக்கிறது. டாக்டர் குளிசை என்று சொன்ன மாத்திரை தொடர்கிறது. ஆனால் பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைப்பதை விட்டுவிட்டேன். உங்களுக்கும் பயமாக இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அவள் கூடவே வருவாள்.