உச்சியில் ஒரு பூச்சு

தூரிகையின் முனையை உதட்டில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிகிறார். மூச்சு விட்டால் தட்டில் இருப்பவை பறந்துவிடும். எல்லாம் கடுகைவிடச் சின்ன நத்தை ஓடுகள். அந்த நேரத்தில் யார் எது கேட்டாலும் பதில் வராது. ஓடு தூரிகையில் ஒட்டி, கண்ணாடிக் குப்பிக்குள் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்து, "இப்பச் சொல்லு, என்ன கேட்ட?" என்பார். கேட்டவர் அதற்குள் போயிருப்பார்.

அருங்காட்சியகத்தின் பின்பக்க அறைகளில் எல்லோருக்கும் அவர் நத்தையக்கா. கப்பல்கள் அள்ளி வரும் ஆழ்கடல் சேற்றிலுள்ள ஓடுகளைப் பார்த்து, எது எந்த இனம் என்று சொல்வது அவர் வேலை. குப்பிகளைக் கழுவிக் கொடுப்பது என் வேலை. அவர் அறையில் மின்விசிறி கோடையிலும் ஓடாது. குட்டை உருவம், பெரிய குரல். ஓடுகளிடம் மட்டும் அந்தக் குரல் இறங்கிவிடும். "திரும்புடி கண்ணு, முகத்தைக் காட்டு" என்பார்.

ஒருநாள் நான் சும்மா நிற்பதைப் பார்த்துக் கூப்பிட்டுக் காட்டினார். "உச்சியில குட்டிச் சுருள் தெரியுதா? பிறந்தப்ப இருந்த ஓடு அது. வளர வளரக் கீழ கட்டிக்கிட்டே போகும், இதைத் தூக்கிப் போடாது. சுருள் ஒல்லியா இருந்தா குஞ்சுல கடல்ல மிதந்து திரிஞ்சிருக்கு. குண்டா இருந்தா முட்டையை விட்டு வந்ததும் தரையிலயே ஊர்ந்திருக்கு." வெளிச்சமே போகாத ஆழத்தில் வாழ்ந்த ஒன்றின் குழந்தைப் பருவம் ஊசிமுனை அளவில் உட்கார்ந்திருந்தது. அன்று குப்பிகளை உரசிக் கழுவக்கூட எனக்குக் கை வரவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளை ஓடு வந்தது. பழைய இனம் ஒன்றின் அச்சு அசல்தான். ஆனால் அந்த இனத்துக்கு ஒல்லிச் சுருள், இதற்குக் குண்டு உச்சி. அப்படியென்றால் புது இனம். இத்தனை வருடத்தில் அவருக்கு ஒரு புது இனமும் அமைந்ததில்லை. கிடைத்தால் மகள் பெயரை வைப்பதாக, அவள் சின்னவளாக இருந்தபோதே வாக்குக் கொடுத்திருந்தார். வெளியூரில் படிக்கும் மகள் தினமும் போனில், "என் நத்தை எப்படி இருக்கும்மா?" என்பாள். "உன்னை மாதிரியேதான். வாயை மூடவே இல்ல" என்பார் அக்கா, ஓட்டின் திறந்த வாயைப் பார்த்தபடி.

புது இனத்தை அறிவிக்கும் கட்டுரையை இதழுக்கு அனுப்ப வேண்டிய நாள். பக்கத்து அறையில் மீன்களைப் பார்ப்பவர் வாசலில் வந்து, "என்னக்கா, பொண்ணை நத்தையாக்கியாச்சா? இனிப்பு எங்க?" என்றார். அக்கா உச்சியைக் கடைசியாக ஒருமுறை சுத்தம் செய்தபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். "சரிதான், நத்தை வேகம்" என்று சொல்லிவிட்டு வந்தவர் போய்விட்டார்.

பிறகு அக்கா மூச்சை விட்டார். தட்டிலிருந்த ஓடுகள் சிதறி உருண்டன. அதை அவர் கவனிக்கவில்லை.

"இது பிறந்த சுருள் இல்லம்மா" என்றார் என்னிடம். "பூச்சு."

வளர்ச்சிக் கோடுகள் உச்சிக்குச் சற்றுக் கீழே சட்டென்று அறுந்து நின்றனவாம். உடைந்த இடத்தை நத்தை உள்ளிருந்தே அடைத்திருக்கிறது. அந்த மொட்டைப் பூச்சைத்தான் அவர் குண்டுச் சுருள் என்று எண்ணிவிட்டார்.

போன் அடித்தது. எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"அனுப்பிட்டியாம்மா?"

"இல்லடி. அது பழைய இனம்தான். நான் தப்பாப் பார்த்துட்டேன்."

"யாருக்கும்மா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேடி."

"போம்மா. அப்படி என்னதான் பண்ணிச்சு அது?"

"மண்டை உடைஞ்சிருக்கு. அந்த இருட்டுல, தானே பூசிக்கிட்டு, அதுக்கப்புறமும் வளர்ந்திருக்குடி." ஓடுகளிடம் பேசும் குரல் அது.

போனை வைத்துவிட்டுப் பழைய இனத்தின் இழுப்பறையைத் திறந்தார். பஞ்சில் ஓடுகளெல்லாம் வாய் மேலே பார்க்கப் படுத்திருந்தன. இதையும் அதே வரிசையில் படுக்க வைத்தார். மூடப் போனவர் மறுபடி இழுத்து, விரல் நுனியால் பஞ்சைக் குவித்து, அதை மட்டும் உச்சி தெரிய நிமிர்த்தி வைத்தார்.