மூன்று கோயில் மொட்டை

மகளுக்கு எட்டு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. கொழும்பில் முதற்கட்ட மருந்து முடிந்து எங்கள் ஊர் நெளுக்குளத்துக்குத் திரும்பியபோது அவள் தலையில் ஒரு மயிர் இல்லை.

"கோயில் நேர்த்திக்கு மொட்டை எண்டு சொல்லுங்கோ. உண்மையைச் சொன்னா ஒரு பிள்ளையும் இவளோட விளையாட வராது" என்றாள் மனைவி.

மகள் கேட்டதும் அது ஒன்றைத்தான். எதிர்வீட்டு வகுப்புத் தோழி பழையபடி காய் சுண்டும் கரம் பலகையோடு வரவேண்டும்.

தோழியின் தாய் என்னை வாசல் படலையடியில் பிடித்துக்கொண்டார்.

"எந்தக் கோயில் தம்பி?"

"ஓமந்தைப் பக்கம் அக்கா. ஆவணி இரண்டாம் வெள்ளி."

அவர் திகதி கேட்கவேயில்லை. இருபது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவனுக்குப் பொய்யையும் திகதியோடு சொன்னால்தான் மனம் ஆறுகிறது.

சளி, தடிமன்காரர் எவரையும் கிட்ட விடவேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதை வெளியே சொல்ல முடியாமல், விரதம் என்று தோழியையும் திருப்பி அனுப்பினோம்.

மருந்து தொடர்ந்தது, மயிர் முளைக்கவில்லை. ஐப்பசியில் அக்கா விரல் மடித்து எண்ணினார். "ஆவணியில வழிச்ச தலை இன்னும் முளைக்கேல்லையோ?" முல்லைத்தீவுப் பக்கம் இரண்டாவது நேர்த்தி என்றேன். மார்கழியில் மூன்றாவது கோயிலை மன்னாருக்கு நகர்த்தினேன். குழப்பம் வராதிருக்க மூன்றையும் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

தையில் அக்கா வந்தார். "இவ்வளவு மொட்டை போடுறியள் எண்டா ஏதோ சக்தி இருக்கு. நாலாவதுக்கு நாங்களும் வாறம். வாடகைக்கு வான் சொல்லியாச்சு."

வெள்ளி காலை 6.05க்கு வான் வந்து நின்றது. உள்ளே ஏழு பேர், தேங்காய், பொங்கல் பானை. அக்காவின் கணவரும் மொட்டைக்குத் தயார். அவருக்கு வழிக்க அதிகம் இருக்கவில்லை. நான் நாலாவது கோயிலைத் தேடிக்கொண்டிருக்க, மகள் முகக்கவசத்தோடு வெளியே வந்தாள்.

"ஒரு கோயிலும் இல்லை மாமி. எனக்குக் கான்சர். மருந்துக்குத்தான் மயிர் கொட்டினது. அப்பா பொய் சொன்னவர். எழுதியும் வச்சிருக்கிறார்."

அக்கா தன் மகளைப் பின்னால் இழுத்தார். பிறகு தும்மினார்.

"என்ர வருத்தம் ஒருத்தருக்கும் தொத்தாது. உங்கட தடிமன்தான் எனக்குத் தொத்தும். நீங்கள்தான் தள்ளி நிக்கோணும்!" என்றாள் மகள்.

அக்கா தேங்காயோடு மூன்றடி பின்வாங்கினார்.

"எப்பிடித் தொடங்கினது?" என்று அவர் கணவர் கேட்டார். நாட்குறிப்பை எடுத்துவந்து வாசித்தேன். காய்ச்சல். கோழி பதினொரு முட்டை. மறுபடி காய்ச்சல். அடிபடாமலே காலில் நீலக் கண்டல். முருங்கை முறிந்தது. முழங்கால் நோவு, பிள்ளை வெளிறியிருக்கிறாள். காய்ச்சல். இப்படி ஐந்து வாரம். ஒன்றும் விடாமல் எழுதிய நான் ஒருநாளும் அதை மேலிருந்து கீழே வாசிக்கவில்லை. "முட்டையெல்லாம் எண்ணியிருக்கிறீங்கள். காய்ச்சலை ஏன் எண்ணேல்லை?" என்று இந்தக் குறிப்பைப் பார்த்த வைத்தியர் கேட்டதையும் சொன்னேன்.

அக்காவின் கணவர் வானுக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"மாறுமோ தம்பி?"

"கனக்கப் பிள்ளையளுக்கு மாறுது அண்ணை. வெள்ளண, தொடக்கத்திலேயே கொண்டுபோகோணும்."

அக்கா தூரத்தில் நின்றே தன் மகளிடம், "மூக்கைச் சிந்திக் காட்டு" என்றார். சளி இல்லை. "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டுப் போ."

ஏற்றிய பானையை இறக்க மனமில்லாமல் மற்றவர்கள் ஓமந்தைக்கே போனார்கள்.

அன்றைய குறிப்பு: "6.50 வான் போனது. 7.05 கரம் தொடங்கியது. மகள் தோற்றாள். நோயாளிப் பிள்ளை என்று தோழி ஒரு காயும் விட்டுக்கொடுக்கவில்லை."