வராத அணிக்கு எதிராக

டெஸ்ட் ஆடும் நாடுகளை இரண்டு பிரிவாக்கி, தோற்பவர்களைக் கீழே இறக்கலாம் என்று டிவியில் பேசும்போதெல்லாம், நசரத்பேட்டை மைதானத்தில் பார்த்த ஒரு கேப்டன் எனக்கு நினைவுக்கு வருகிறார்.

நாற்பது வயதிருக்கும். துவைத்துத் துவைத்து மஞ்சளாகிப்போன வெள்ளை உடை. யாரோடு பேசினாலும் கண் மட்டும் மைதானத்தின் வாசலிலேயே இருக்கும்.

அன்று காலை நடக்கப் போன என்னை வழிமறித்தார்.

"அண்ணாத்தே, கொஞ்ச நேரம் நம்ம டீம்ல நில்லு. பத்து பேர்தான் கீறோம். பதினோராவது ஆள் இல்லன்னா லீக்லேர்ந்தே பேரை அடிச்சிடுவாங்க."

"எனக்கு ஆடத் தெரியாதுங்க."

"இன்னாத்த ஆடப் போற? எதிர் டீம் வந்தாதானே! நம்மள ரெண்டாவது டிவிசனுக்கு எறக்குனதும் நல்லா ஆடுறவன்லாம் வேற டீமுக்குப் போய்ட்டான். இங்க எவனும் ஆட வர்றதே இல்ல. நாம வந்து நின்னா, ஜெயிச்சதா எழுதிக்கிறாங்க."

"அப்படியே ஜெயிச்சு மேலே போயிடலாமே?"

"போலாம். மேல போய் யாரை வச்சிக்கினு ஆடறது, உன்னையா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வெட்கத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அம்பயர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். கேப்டன் எங்களைச் சும்மா நிற்க விடவில்லை. ஒவ்வொருவரையும் கை காட்டி இடம் மாற்றினார். பேட்ஸ்மேன் இல்லாத கிரீஸை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இன்னும் கிட்ட வா அண்ணாத்தே. இவன் தூக்கி அடிக்க மாட்டான்."

இரண்டடி முன்னால் போய்க் குனிந்து நின்றேன். யார் அந்த 'இவன்' என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.