பள்ளிச் சுவரில் ஒரு அப்பா

தொண்ணூறுகளின் கடைசியில், புனேயில் கட்கிப் பக்கம் ஒரு பள்ளியில் நடந்தது இது. கணவரின் வேலை மாற்றலுக்காகச் சென்னையில் பார்த்த பத்திரிகை வேலையை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் ஔந்த் பகுதியில் குடியேறியிருந்தேன். பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சுவர் ஓவியம் தீட்டும் ஒரு மராத்தி ஓவியர், தமிழ் வீடுகளில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் குடியிருப்பில் சொல்லியிருந்தார். எனக்கு ஹிந்தி ஓரளவு வரும். போனேன்.

ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் பகுதி அது. தமிழ், தெலுங்கு, மராத்தி, பீஹார் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில் இருந்தார்கள். பின்பக்கச் சுவரை ஒட்டி பஸ் நிறுத்தம். போகிற வருகிற ஆண்கள் அந்தச் சுவரைக் கழிப்பிடமாகவே வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து வகுப்புகளில் ஜன்னலைத் திறக்க முடியாது. எல்லா மதத்துச் சாமி படமும் போட்ட டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார் தலைமையாசிரியை. ஓவியர் ஒப்பவில்லை.

"சாமிக்கு எதுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை? தினமும் பார்க்கிற மனுஷங்களை வரைஞ்சு நிறுத்திப் பார்ப்போம்" என்றார்.

ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது. அதற்குள் நாற்றம் குறையாவிட்டால் ஓவியத்தின் மேலேயே டைல்ஸ்.

ஓவியர் பிரஷ்ஷைத் தொடமாட்டார். சாக்கட்டியால் ஒரு கோடுகூடப் போட்டுத் தரமாட்டார். வரையப்போகிற ஆளைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்பார்: அவர் எப்படி நிற்பார், பை எந்தக் கையில் இருக்கும், பேசும்போது தலையைச் சாய்ப்பாரா. பிள்ளைகள் யோசித்து யோசித்து, ஆள் உயரத்துக்கு ஒவ்வொருவரையாக வரைந்தார்கள். பூக்காரம்மா, பேல்பூரிக்காரர், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் ஆட்டோக்காரர். ஒரு தமிழ்ச் சிறுமி தன் அப்பாவை வரைந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள் என்று ஆசிரியைகள் சொல்லியிருந்தார்கள். சுவரோரம் அவள் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏய், எங்கப்பா தோள்ல உன் பெயிண்ட் படுது. தள்ளி நில்லு."

பெயிண்ட் காய்ந்த மறுநாள் சாயங்காலம் அந்த அப்பா டூட்டி உடுப்போடு சைக்கிளில் வந்து இறங்கினார். கத்தவில்லை. என்னிடம் தமிழில் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"கேன்டீன்ல எல்லாரும் சிரிக்கிறானுங்க மேடம். உன்னை மூத்திரச் செவுத்துல நிக்க வெச்சிட்டாங்களாமேன்னு. புள்ளைங்களைக் கேட்டு வரைஞ்சீங்க, சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? அழிச்சிடுங்க."

சிறுமி சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். கையில் காயாத பிரஷ். நான் ஹிந்தியில் சொல்லச் சொல்ல ஓவியரின் முகம் மாறியது. கலையைப் பற்றி, பிள்ளையின் மனதைப் பற்றி ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அவர் சொல்றது சரி. நான் கேட்டிருக்கணும்" என்றார். வெள்ளை பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து அந்த அப்பாவின் காலடியில் வைத்தார். "இது அவர் உருவம். அவர் முடிவுதான்."

அப்பா டப்பாவை எடுத்துக்கொண்டு தன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்துப் படத்தில் இருந்த ஆட்டோக்காரர் அப்போதுதான் வண்டியை ஓரம் கட்டினார்.

"அண்ணா, என்ன பண்றீங்க?" என்றார் ஹிந்தியில். "நீங்க போயிட்டா நான் இங்கே தனியா நிக்கணும்."

"உனக்கு வெக்கமா இல்லையா?"

"இருக்கு. நானே முன்னாடி இந்த எடத்துக்குத்தானே வந்துட்டிருந்தேன். இப்போ என் மேலயே எப்படிப் போறது? ரெண்டு நாளா பெட்ரோல் பங்க் வரைக்கும் ஓட்டிட்டுப் போறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் டப்பாவைக் கீழே வைத்தார். வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டூட்டி சட்டை, பாக்கெட்டில் பேனா, வெறும் கால். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற அப்பாவைத்தான் அவள் வரைந்திருந்தாள்.

"இந்த எடத்துல போய் வெறுங்காலோட நிக்க வெச்சிருக்கியேம்மா" என்றார் மகளிடம். "பூட்ஸாவது போட்டு விடு."

"கருப்பு தானேப்பா?"

"கருப்புதான். லேஸை நல்லா இழுத்துக் கட்டு."

அவள் மண்ணில் உட்கார்ந்து வரைந்து முடிக்கும்வரை அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் ஓவியர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சுவரில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப் போய்க் கேட்டார். பூக்காரம்மா மட்டும் கடைசிவரை வேண்டாம் என்றார். அவரை வரைந்த பிள்ளையே அழுதுகொண்டே வெள்ளை அடித்தான். அந்த இடம் காலியாகவே இருந்தது. நாற்றம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஜன்னல்களைத் திறக்கும் அளவுக்குக் குறைந்தது. டைல்ஸ் பேச்சைத் தலைமையாசிரியை பிறகு எடுக்கவில்லை.

சில வருடங்களில் நான் மறுபடி பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கினேன். இன்றும் யாரைப் பற்றி எழுதினாலும், அனுப்புவதற்கு முன் அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டிவிடுகிறேன். அவர் தயங்குகிற வரியில்தான் பெரும்பாலும் நான் பார்க்கத் தவறியது இருக்கிறது.