வெர்லா பதில் சொல்லாத மாலை

அமெரிக்காவின் கான்சஸில், கவுண்டி என்னும் எங்கள் சின்ன மாவட்டத்துக்காரர்களுக்குப் புயல் நாளில் ரேடியோவில் வாய் திறப்பதென்றால் கொஞ்சம் உதறல் உண்டு. புயலுக்குப் பயந்து அல்ல, வெர்லா ஷ்ராகுக்குப் பயந்து.

வெர்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். மேகம் கறுத்தால் தன் தையல் அறைக்குள் போய் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அமெச்சூர் ரேடியோ வைத்திருக்கும் எங்கள் ஆட்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மேட்டில் போய் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். வண்டி ரேடியோவின் மெலிந்த குரலை, தானியக் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் ரிப்பீட்டர் வாங்கிப் பலமாகத் திருப்பி வீசும். கவுண்டி முழுக்கக் கேட்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் அதில் இடம். அது யாருடைய குரல் என்று தீர்மானிப்பவள் வெர்லா. அவர்கள் பார்த்ததை வானிலை அலுவலகத்துக்குப் போனில் சொல்வது, முழங்கால் போய் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட என் வேலை.

சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக மைக்கை எடுத்த யாரையும் அவள் சும்மா விட்டதில்லை. சர்ச் பாதிரியாருக்கே ஒரு தடவை திட்டு விழுந்தது. அதே சமயம், கூப்பிட்டவனுக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்ததும் இல்லை. இடி வீட்டு ஏரியல் கம்பத்தில் விழுந்த அன்றுகூட, பேட்டரியை மாட்டிக்கொண்டு "சொல்லுங்க" என்றவள். எங்களுக்கு அது சூரியன் உதிப்பது மாதிரி பழகிப்போன விஷயம்.

அவளிடம் அதிகம் திட்டு வாங்கியவன் அவள் புருஷன் லோவல். உள்ளூர் வானொலி நிலையம் போடும் போல்கா என்னும் துள்ளாட்டப் பாட்டு அவன் பிக்கப் வண்டியில் ஓயாது. புயலைப் பற்றிச் சொல்லும்போதும் பின்னால் அக்கார்டியன் வாத்தியம் கேட்கும். அதை நிறுத்து என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். மைக்கில் செர்ரி சோடாவைக் கொட்டியிருந்தான். பொத்தான் ஒட்டுகிறது, துடைத்துவை என்றாள், துடைக்கவில்லை. மைக் பேசும்போது ரேடியோவில் எரியும் சிவப்பு விளக்கு கண்ணைக் குத்துகிறதென்று அதன்மேல் கறுப்பு டேப் வேறு ஒட்டிவைத்திருந்தான். மனுஷன் நல்லவன், ஆனால் ஒரு சொல் கேட்க மாட்டான்.

அந்த மே மாத மாலையில் தென்மேற்கே வானம் பச்சையாக இருந்தது. எங்கள் ஊரில் அந்தப் பச்சை ஆலங்கட்டிக்கும் சூறாவளிக்கும் அறிகுறி. லோவல் தன் நாய் பிஸ்கட்டோடு சர்ச் ரோட்டு மேட்டில் நின்றான். புயலுக்குத் தெற்கே, பத்திரமான இடம்தான். வீடு வடக்கே. புயல் நடுவில் குறுக்கே போகப் போகிறது.

அவன் மைக்கை எடுத்தான். மேகத்தின் அடி சுழல்கிறது, கீழே இறங்குகிறது என்றான். வெர்லா பதில் சொன்னாள். ஆனால் எங்கள் ஸ்பீக்கரில் போல்கா நிற்கவில்லை. வைப்பர் சத்தம், நாய் மூச்சிரைக்கும் சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பொத்தான் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் கையை எடுத்த பிறகும் மைக் பேசிக்கொண்டிருந்தது. ரிப்பீட்டர் முழுவதும் அவன் வசம். வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது, அவனுக்கும் யார் பேசுவதும் கேட்காது. விடாமல் பேசுபவனைத் துண்டிக்கும் கருவி ஒன்று ரிப்பீட்டரில் இருந்தது. பாதிப் பேச்சில் வெட்டுகிறது என்று எங்கள் ரேடியோ கிளப் கூட்டத்தில் கை தூக்கி அதை அணைத்துவைத்த புத்திசாலிகள் நாங்கள்தான்.

வெர்லா லோவலின் கைபேசியைக் கூப்பிட்டாள். அது எங்களுக்குப் பின்னால் சமையலறை மேடையில், ஆறிக்கொண்டிருந்த, இறைச்சி அடைத்த பீராக் ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் அடித்தது. மற்றவர்கள் ரிப்பீட்டர் இல்லாமல் நேராகப் பேசும் மாற்று அலைவரிசைக்குப் போயிருப்பார்கள் என்று இன்னொரு ரேடியோவைத் திருப்பினாள். கிழக்கே நின்ற டுவைட் கோயனின் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சூறாவளி தரையைத் தொட்டுவிட்டது, மழைத்திரைக்குள் மறைந்திருக்கிறது, வடகிழக்கே சர்ச் ரோட்டை நோக்கிப் போகிறது என்றான்.

நான் போனை எடுத்து வானிலை அலுவலகத்துக்கு அதைச் சொல்லத் தொடங்கினேன். அப்போது லோவல் பேசினான்.

"வெர்லா, நான் சொன்னது கேட்டுச்சா?"

கொஞ்ச நேரம் போல்கா. மறுபடி கூப்பிட்டான். வெர்லா மைக்கை அழுத்தி "கேக்குது" என்றாள், போய்ச் சேராது என்று தெரிந்தே. மூன்றாம் தடவை அவன் குரல் மாறியிருந்தது. இந்தத் தடவை பேசியது நாயிடம்.

"அவ பதில் சொல்லலடா பிஸ்கட். அவ பதில் சொல்லாம இருக்க மாட்டா. வீட்டுக்கு என்னவோ ஆயிருச்சு."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வரும் சாலை ஒன்றுதான், அது வடக்கே, நேராக அந்த மழைத்திரைக்குள். ஒருநாளும் பதில் சொல்லத் தவறாதவள் அவள். அதனால்தான் அவன் இப்போது சாகப் போகிறான். போனை வைத்துவிட்டு ஏதாவது செய்யலாம் என்று எழுந்தேன். எழுந்து என்ன செய்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

"உக்காரு. மொதல்ல அவங்ககிட்ட சொல்லி முடி. அந்த ரோட்டுல வேற வீடுங்களும் இருக்கு" என்றாள் வெர்லா.

என்ன பெண் இவள் என்று கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். நான் வைத்ததுதான் தாமதம், போனைப் பிடுங்கினாள். அந்த போனைச் சொந்த விஷயத்துக்குத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான். கூப்பிட்டது உள்ளூர் வானொலி நிலையத்தை. அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. அவன் வண்டியில் நம் குரல் ஏறாது, போல்கா ஏறுகிறதே.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்த அறிவிப்பாளர் மார்வ் டெக்கரிடம் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். சில நொடியில் எங்கள் ஸ்பீக்கரில், லோவலின் வண்டிக்குள்ளிருந்து, பாட்டு அறுந்து மார்வின் குரல் கேட்டது. லோவல் ஷ்ராக், கேளுங்கள் என்று ஆரம்பித்தான்.

உடனே குரல் தேய்ந்து போனது. லோவல் பாட்டுப்பெட்டியின் ஒலியைக் குறைத்துவிட்டான். பெண்டாட்டி எங்கேயாவது பேசுகிறாளா என்று மற்ற ரேடியோவைக் காது கொடுத்துக் கேட்பதற்காக! பாட்டை நிறுத்து என்று இத்தனை வருஷம் அவள் சொல்லியும் கேட்காத சொல்லைப் போயும் போயும் அந்த நேரத்தில் கேட்டான். ஸ்பீக்கரில் ஆலங்கட்டி தகரத்தில் விழும் சத்தம். நாய் முனகியது.

வெர்லாவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். ஆனால் போனில் அவள் சொன்னது தெளிவாக இருந்தது.

"மார்வ், நீ பேசாத. என் குரல நேரா ஒலிபரப்புல விடு."

பிறகு, ஒவ்வொரு புயலுக்கும் பேசும் அதே குரலில், அவசரமே இல்லாமல் பேசினாள்.

"லோவல், நான் வெர்லா. வீட்டுல நல்லா இருக்கேன். உன் மைக் ஒட்டிக்கிச்சு. நில்லு. திரும்பித் தெக்கே போ."

அவள் குரல் ஊரைச் சுற்றி, அவன் வண்டிக்குள் போய், எங்கள் ஸ்பீக்கரில் எறும்பளவாகத் திரும்பி வந்தது. வண்டி நிற்கவில்லை. மறுபடி சொன்னாள். மறுபடி.

"பிஸ்கட்" என்றான் லோவல். "அது வெர்லாடா."

டயர் சரளைக்கல்லில் தேய்ந்தது. ஏதோ படாரென்று மோதியது. பிறகு ஸ்பீக்கர் மொத்தமும் அடங்கிவிட்டது.

மைக் கம்பியைப் பிடுங்கிவிட்டானா, இல்லை வண்டியையே காற்று தூக்கிவிட்டதா? வெர்லாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரிப்பீட்டர் காலியானதும் டுவைட் உள்ளே வந்தான். சூறாவளி சர்ச் ரோட்டைக் கடக்கிறது, மின்கம்பங்கள் பறக்கின்றன, வண்டி எதுவும் கண்ணில் படவில்லை என்றான். வெர்லா இடத்தையும் திசையையும் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொண்டாள். நான் போனில் சொன்னேன். அடுத்தவன் பேசினான், அதற்கடுத்தவன் பேசினான். எல்லோருக்கும் "சொல்லுங்க" என்றாள். மடியில் ஏப்ரன் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். லோவலை அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் என்ன செய்வது என்று பயந்திருப்பாள், நான் கேட்டதில்லை.

கடைசியில் ஒருவன் தன் ரேடியோவுக்கான அடையாளக் குறியைச் சொன்னான். பின்னால் போல்கா இல்லை. அதனால் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"சொல்லுங்க" என்றாள் வெர்லா.

"நான் லோவல். தெக்கே, பழைய ஸ்கூல்கிட்ட நிக்கிறேன். வண்டிக் கண்ணாடி போச்சு. மத்தபடி சொல்ல ஒண்ணும் இல்ல."

கவுண்டி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. இதற்குத்தானே அவள் பாதிரியாரையே திட்டினாள். எல்லோரும் காத்திருந்தோம். வெர்லா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சரியாக் கேக்கல" என்றாள். எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. "இன்னொரு தடவ சொல்லு."