மும்தாஜ் அக்காவின் செல்லாத பட்டம்

மும்தாஜ் அக்கா இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஏன் என்று அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஓர் அரசு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் கடைநிலை ஊழியர்களாகச் சேர்ந்தவர்கள். கோப்பு தூக்குவது, தபால் பிரிப்பது, டீ வாங்கி வருவது. நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். அக்கா பத்தாவதோடு நின்றவர்; அதற்குள் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். பட்டம் இருந்தால் உதவியாளராகலாம் என்று தெரிந்ததும், அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கலாம் என்று என்னை இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். பிளஸ் டூ இல்லாதவர்கள் ஓர் அடிப்படைப் படிப்பை முடித்தால் போதும் என்று பல்கலைக்கழகத்தில் சொன்னார்கள்.

"இத ப்ரமோஷனுக்கு ஒத்துக்குவாங்களா சார்?" என்று அக்கா கேட்டார்.

சேர்க்கை மேசையில் இருந்தவர் நிமிராமலே, "டிகிரின்னா டிகிரிதாம்மா" என்றார்.

அக்கா அந்தப் படிப்பை முடிக்கும்வரை காத்திருந்து, இருவரும் ஒன்றாகவே பி.ஏ. சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்போம். முதல் வருடம் தேர்வு நெருங்கியும் பாடப் புத்தகங்கள் வரவில்லை. அக்கா மின்சார ரயிலேறி நகரத்துக்குப் போய் பல்கலைக்கழகக் கவுண்டரில் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"புக்கு வூட்டுக்கே வரும்மா."

"அப்போ எக்ஸாமையும் வூட்டுக்கே அனுப்பிடுங்க. புக்கு வந்தப்புறம் எழுதிக்கிறேன்."

உள்ளேயிருந்து ஒரு செட் எடுத்துக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் இருவரும் படித்தோம். எனக்கு மண்டையில் ஏறாததையெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் விளக்குவார். கடைசியில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவரும் அவர்தான்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவருக்கு வரவில்லை. பிளஸ் டூ இல்லாமல் வாங்கிய பட்டம் செல்லாதாம். "ரூல்ஸ் அப்படிம்மா, நான் என்ன பண்றது?" என்றார் அதிகாரி. அக்கா விடவில்லை. தன் மகள் பிளஸ் டூ எழுதிய அதே ஆண்டில் தானும் தனித்தேர்வராக எழுதித் தேறினார். அதைக் காட்டிப் போட்ட மனுவையும் திருப்பி அனுப்பினார்கள். டிகிரிக்குப் பிறகு பிளஸ் டூ படித்திருக்கிறார், வரிசை தப்பு என்றார்கள்.

"ரெண்டையும் பாஸ் பண்ணிட்டேன் சார். முன்ன பின்ன ஆயிடுச்சுன்னு ரெண்டையும் தூக்கிக் கடாசிடுவீங்களா?"

அதிகாரி அடுத்த கோப்பைப் பிரித்துக்கொண்டார். வெளியே வந்ததும் எதையாவது சொல்லித் தேற்றலாம் என்று நான்தான் வாயைத் திறந்தேன். "அறிவு வளந்திருக்குல்லக்கா, அத யாரும் புடுங்க முடியாதே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "உனக்குப் பதவியும் கெடச்சிச்சு, அறிவும் கெடச்சிச்சு. எனக்கு மட்டும் அறிவு போதுமா செல்வி?"

அதற்குப் பிறகும் என் மேசைக்குக் கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். நான் எழுந்து வாங்கப் போனால் திட்டுவார். "உன் மேல கோவம் இல்லம்மா. நீயும் என்கூட வந்து கேளு, அது போதும்." கேட்டோம். மனுமேல் மனு போட்டோம். தொலைதூரக் கல்வி எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது என்று மேடைகளில் பேசுகிறார்கள். படித்து முடித்தவரை வாசலிலேயே நிறுத்திவைத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அலுவலகத்தில் நேற்று இரங்கல் கூட்டம் நடந்தது. அதே அதிகாரி பேசினார். "குடும்பச் சுமைக்கு நடுவிலும் படித்துப் பட்டம் பெற்ற மும்தாஜ் அவர்கள்..."

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "எந்தப் பட்டம் சார்? நீங்க செல்லாதுன்னு சொன்னீங்களே, அதுவா?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"வேற எப்ப சார் கேக்கறது?"

கூட்டம் அத்தோடு முடிந்தது.

மும்தாஜ் அக்கா பொறுமைசாலி என்று அங்கே சிலர் சொன்னார்கள். இல்லை. அவருக்குப் பொறுமையே கிடையாது. அந்தப் பொறுமையின்மையைத்தான் நான் வைத்துக்கொள்ளப்போகிறேன். அவரைப் போலவே பட்டம் வாங்கிய இன்னும் இரண்டு பெண்கள் எங்கள் அலுவலகத்தில் கோப்பு தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியின் அறைக்குப் போகிறேன்.